டபிள்யூ12 இன்ஜினை பென்ட்லி விட்டது சரிதானா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பென்ட்லிங்கிற பிரிட்டிஷ் சொகுசு கார் கம்பெனி பத்தி ஒரு சின்ன பத்தி எழுதியிருந்தேன். 2003-லேர்ந்து அந்த கம்பெனியோட உச்சாணி இன்ஜினா இருந்த 6 லிட்டர், பன்னெண்டு சிலிண்டர் டபிள்யூ12-ஐ, இங்கிலாந்துல க்ரூ ஊர்ல இருக்கிற ஃபேக்டரியில ஒரு லட்சத்துக்கும் மேல கட்டி முடிச்ச பிறகு 2024 ஜூலையோட நிறுத்திட்டாங்க, அது சரியான முடிவுதான்னு எழுதினேன். அவ்ளோதான், கடிதமா குவிஞ்சிருச்சு, பாதிக்கு மேல கோவமான கடிதம். ஒரு இன்ஜினுக்காக ஒருத்தர் மூணு பக்கம் கையால எழுதி அனுப்புறார்னா அது மேல அவருக்கு எவ்ளோ பிரியம் இருக்கணும்! அதனால இந்த தடவ பக்கம் முழுக்க இதுக்கே.

கோயம்புத்தூர் வாசகர்: கோடிக்கணக்குல குடுத்து கார் வாங்குறவருக்கு பெட்ரோல் விலை ஒரு கணக்கா சார்? அவர் கேக்குறது பெரிய இன்ஜின். கேக்குற பொருள கையில வெச்சுக்கிட்டே எதுக்கு நிறுத்தணும்?

பதில்: வாங்குறவர் பக்கம் நின்னு பாத்தா நீங்க சொல்றது முழுக்க சரி, டேங்க் நிரப்புற காசு அவருக்கு ஒரு விஷயமே இல்ல. சிக்கல் விக்கிறவங்களுக்குத்தான். ஐரோப்பாவுல ஒரு கம்பெனி ஒரு வருஷத்துல விக்கிற எல்லா காரையும் சேர்த்து சராசரி போட்டு, கிலோமீட்டருக்கு எத்தன கிராம் கார்பன் டை ஆக்சைடு விடுதுன்னு பாக்குறாங்க, வரம்பை தாண்டினா தாண்டுற ஒவ்வொரு கிராமுக்கும் கார் ஒண்ணுக்கு 95 யூரோ அபராதம். கம்மியா விக்கிற கம்பெனிங்களுக்கு தனி சலுகை இருக்கு, ஆனா அதுவும் காலத்துக்கும் நிக்காது. அடுத்தது சீனா, பென்ட்லிக்கு பெரிய மார்க்கெட்டுகள்ல ஒண்ணு. அங்க 2008-லேர்ந்து 4 லிட்டருக்கு மேல இருக்கிற இன்ஜினுக்கு நுகர்வு வரி 40 சதவீதம், 3-லேர்ந்து 4 லிட்டர் வரைக்கும் 25 சதவீதம். இப்ப பென்ட்லியோட எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் எத்தன சிசின்னு பாருங்க, 3996. நாலாயிரத்துக்கு நாலு சிசி கம்மி, அந்த கோட்டுக்கு இந்தப்பக்கம் நின்னா 15 சதவீத வரி மிச்சம்.

ஆனா வரியும் அபராதமும் மட்டும்தான் காரணம்னா நான் சரியான முடிவுன்னு எழுதியிருக்கவே மாட்டேன், கொஞ்ச காலம் போராடியிருக்கலாமேன்னுதான் எழுதியிருப்பேன். டபிள்யூ12-க்கு உண்மையான போட்டி வீட்டுக்குள்ளேர்ந்தே வந்துச்சு. 2012-ல பென்ட்லியோட கான்டினென்டல் ஜிடி கார்ல 4 லிட்டர் வி8 போட்டாங்க, 507 பிஎஸ் (குதிரைத்திறன் மாதிரி பவர் அளவு), அப்ப டபிள்யூ12 575 பிஎஸ். காகிதத்துல பெருசு பெருசுதான். ஆனா அந்த ரெண்டாம் தலைமுறை கான்டினென்டல்ல இன்ஜின் முன் ஆக்சிலுக்கும் முன்னாடி தொங்கிட்டு இருந்துச்சு, வளைவுல திருப்புறப்ப அந்த கனம் ஸ்டியரிங்லயே தெரியும், வி8 வந்ததும் மூக்கு லேசாயிருச்சு, சத்தமும் நல்லா உறுமலா வந்துச்சு, ஓட்டிப் பாத்தவங்கள்ல நிறைய பேர் வெல கம்மியான காரே மேல்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. ஒரு கம்பெனியோட உச்ச இன்ஜினை விட அதுக்கு கீழ்ப்படியில இருக்கிற இன்ஜின் மேல்னு பேச்சு வந்துட்டா அப்புறம் அது என்னத்துக்கு உச்சம்? இப்ப 2024-ல வந்த புது கான்டினென்டல் ஜிடி ஸ்பீடு, 4 லிட்டர் வி8 கூட ஒரு மின் மோட்டாரையும் 25.9 கிலோவாட் அவர் பேட்டரியையும் சேர்த்து 782 பிஎஸ், 1000 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தை சுழற்றுற விசை) தருது. பழைய டபிள்யூ12 ஸ்பீடு 659 பிஎஸ், 900 நியூட்டன் மீட்டர். டபிள்யூ12-ஐ கடைசி சொட்டு வரைக்கும் பிழிஞ்சு 18 பேருக்கு மட்டும் செஞ்சு குடுத்த பாத்தூர் காரே 750 பிஎஸ்தான். இதுக்கு ஒரு விலையும் இருக்கு, மறைக்க மாட்டேன், புது காரோட எடை 2459 கிலோ, பழசை விட கிட்டத்தட்ட 200 கிலோ ஜாஸ்தி. அதுதான் எனக்கும் உறுத்துது.

மதுரை, பாலிடெக்னிக் மாணவி: அண்ணா, டபிள்யூ12, வி12 ரெண்டுலயும் பன்னெண்டு சிலிண்டர்தானே, அப்புறம் என்ன வித்தியாசம்? கிளாஸ்ல கேட்டா சரியா புரியற மாதிரி சொல்ல மாட்டேங்குறாங்க.

பதில்: வாசல்ல கோலம் போட புள்ளி வெப்பீங்கள்ல தங்கச்சி, நேர்ப்புள்ளி வெச்சா ஒரு புள்ளிக்கு நேரா இன்னொரு புள்ளி, ஊடுபுள்ளி வெச்சா ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கிற சந்துல அடுத்த வரிசை புள்ளி. வி12-ல ஒரு பக்கம் ஆறு சிலிண்டர் நேர் வரிசையா நிக்கும், இன்னொரு பக்கம் ஆறு, ரெண்டு வரிசையும் சாஞ்சு வி எழுத்து மாதிரி. டபிள்யூ12-ல அந்த ஆறையும் ஊடுபுள்ளி மாதிரி மூணு மூணா பிரிச்சு, வெறும் 15 டிகிரி சாய்வுல ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோர்த்த மாதிரி வெச்சிருப்பாங்க, அந்த ரெண்டு மூணுக்கும் சேர்த்து மேல ஒரே சிலிண்டர் ஹெட். இந்த மாதிரி ரெண்டு ஆறு சிலிண்டர் தொகுதியை 72 டிகிரியில ஒரே கிராங்க் ஷாஃப்ட் மேல நிறுத்தினா அதுதான் டபிள்யூ12. மொத்தம் நாலு வரிசை, வரிசைக்கு மூணு.

இதுல என்ன லாபம்னா நீளம் குறையும். வி12 நீட்டமா இருக்கும், அதை முன்னாடி வெச்சு நாலு சக்கரத்துக்கும் பவர் குடுக்கிற கியர்பாக்ஸையும் சேர்த்தா பானட் எங்கயோ போயிடும். பென்ட்லிக்கு சொந்தக்கார கம்பெனியான ஃபோக்ஸ்வேகனை நடத்தின ஃபெர்டினாண்ட் பியெக் பெரிய இன்ஜினும் வேணும், நாலு சக்கர டிரைவும் வேணும்னு நின்னதுல வந்த வடிவம் இது, ஃபோக்ஸ்வேகன் ஃபேட்டான்லயும் ஆடி ஏ8-லயும் கூட இதே டபிள்யூ12 வந்துச்சு. அடுத்த தடவ வாத்தியார்கிட்ட பதில் வரலன்னா நீங்களே போர்டுல புள்ளி வெச்சு காட்டிடுங்க.

லண்டன் வாசகர்: பெரிய இன்ஜின்தான் பென்ட்லி. சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி ஏத்துற கருவி) எல்லாம் வேணாம், பவர் வேணும்னா இன்ஜினை பெருசாக்குன்னு நின்னவர் கம்பெனியை ஆரம்பிச்ச டபிள்யூ.ஓ. பென்ட்லி. அந்த வரலாறு தெரிஞ்சா நீங்க இப்படி எழுதியிருக்க மாட்டீங்க.

பதில்: ஐயா, உங்க மூணு பக்கத்தையும் ரெண்டு தடவ படிச்சேன். அந்த வரலாறுதான் என்னை இந்த பக்கம் நிக்க வெச்சதே. டபிள்யூ.ஓ. இன்ஜினை பெருசாக்கிட்டே போனவர்தான், 3 லிட்டர், 4½, 6½, கடைசியில 8 லிட்டர். ரேஸ் டிரைவர் டிம் பர்கின் 4½ லிட்டர் இன்ஜினுக்கு சூப்பர்சார்ஜர் மாட்டி ப்ளோயர்னு கொண்டு வந்தப்ப டபிள்யூ.ஓ.-வுக்கு அது புடிக்கவே இல்ல. ரேஸ்லயும் டபிள்யூ.ஓ. பக்கம்தான் நியாயம், 1929, 1930 ரெண்டு வருஷமும் பிரான்ஸ்ல நடக்கிற 24 மணி நேர ரேஸான லெ மான்ஸ்ல ஜெயிச்சது 6½ லிட்டர் பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ், ப்ளோயர் ஒரு தடவகூட லெ மான்ஸ் ஜெயிக்கல. இதுவரைக்கும் நீங்களும் நானும் ஒரே கட்சி.

அதுக்கு அப்புறம் நடந்ததையும் பாக்கணும்ல? 1929-ல நியூயார்க் பங்குச்சந்தை சரிஞ்சு உலகமே முடங்கிட்டு இருக்கிறப்ப, 1930 அக்டோபர்ல 8 லிட்டரை லண்டன் ஷோவுல இறக்குனாங்க. அருமையான கார், 7983 சிசி, எவ்ளோ கனமான பாடி போட்டாலும் மணிக்கு 100 மைல் போகும்னாங்க. மொத்தம் நூறே நூறு காருதான் செஞ்சாங்க, அதுக்குள்ள 1931-ல கம்பெனி கடன்ல மூழ்கி அந்த வருஷக் கடைசிக்குள்ள ரோல்ஸ் ராய்ஸ் கைக்கு போயிடுச்சு, ரோல்ஸ் ராய்ஸ் முதல் வேலையா 8 லிட்டரை நிறுத்திடுச்சு. அந்த இன்ஜின்ல ஒரு குத்தமும் இல்ல, அதை வாங்க வேண்டிய காலம்தான் கடந்து போயிருந்துச்சு. பெரிய இன்ஜினை காப்பாத்துறேன்னு கம்பெனியையே விட்டா என்ன ஆகும்னு பென்ட்லிக்கு வேற யாரும் வந்து சொல்லித் தர வேண்டியதில்ல.

இன்னொண்ணும் சொல்லணும், இதுல எனக்கு உண்மையாவே வருத்தம் இருக்கு. பென்ட்லியோட ரத்தத்துல ஓடின இன்ஜின்னு ஒண்ணு சொல்லணும்னா அது டபிள்யூ12 இல்ல, ஆறே முக்கால் லிட்டர் வி8. 1959-ல எஸ்2 கார்ல 6.2 லிட்டரா பொறந்து, பின்னாடி ஆறே முக்காலா வளர்ந்து, டர்போ மாட்டி, 2020 ஜூன்ல முல்சான் கார் நிக்கிற வரைக்கும் 61 வருஷம் ஓடுச்சு, மொத்தம் சுமார் 36,000 இன்ஜின். கடைசி முல்சான் ஸ்பீடுல அது 1750 ஆர்பிஎம்லயே (இன்ஜின் நிமிஷத்துக்கு சுத்துற சுத்து) 1100 நியூட்டன் மீட்டர் குடுத்துச்சு. கிணத்துல கமலை இறைக்கிற நல்ல காளையை பாத்தவங்களுக்கு இது புரியும், மூச்சு வாங்காது, துள்ளாது, நிறைஞ்ச சால் பாட்டுக்கு மேல வந்துட்டே இருக்கும். அந்த இழுப்புதான் பென்ட்லி. வேகமும் சத்தமும் அதுக்கு அப்புறம்தான். அதை நிறுத்தினப்ப இத்தன கடிதம் எனக்கு வரலையேன்னுதான் ஐயா மனசு அடிச்சுக்குது.

சென்னை வாசகர்: ஃபெராரி, லம்போர்கினி எல்லாம் வி12-ஐ கெட்டியா புடிச்சிட்டு நிக்குறாங்க. அவங்களுக்கு இருக்கிற தைரியம் பென்ட்லிக்கு இல்லன்னுதானே அர்த்தம்?

பதில்: இல்லைங்க, ரெண்டு பேரும் விக்கிற பொருள் வேற வேற. ஃபெராரி 1947-ல போட்ட மொத கார்லயே வி12 தான், அதுவும் வெறும் 1.5 லிட்டர்! அவங்களுக்கு பெரிய இன்ஜின் முக்கியமில்ல, உச்சத்துக்கு போய் கத்துற இன்ஜின்தான் முக்கியம். 2024-ல வந்த 12 சிலிந்த்ரியை பாருங்க, 6.5 லிட்டர், டர்போ கிடையாது, ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜின் கூட மின் மோட்டார்) கிடையாது, 830 பிஎஸ், 9500 ஆர்பிஎம் வரைக்கும் போகும். அந்த சத்தத்தை எடுத்துட்டா அந்த காரை வாங்குறதுக்கு காரணமே இல்ல, அதனால ஃபெராரி அதை காப்பாத்துறது நியாயம், நான் கைதட்டுவேன். லம்போர்கினி ரெவுயெல்ட்டோவுல இன்னும் அழகா ஒரு வேல பண்ணியிருக்காங்க, 6.5 லிட்டர் வி12 தனியா 825 பிஎஸ், கூட மூணு மின் மோட்டார், எல்லாம் சேர்த்து 1015 பிஎஸ். கீழ் வேகத்துல தள்ற வேலைய மோட்டார் பாத்துக்குது, வி12-க்கு மேல போய் பாடுற வேல மட்டும். புகாட்டி இன்னும் ஒரு படி மேல போயி, நாலு டர்போ வெச்ச டபிள்யூ16-ஐ விட்டுட்டு டூர்பில்லான் காருக்கு 8.3 லிட்டர் வி16-ஐ டர்போவே இல்லாம புதுசா செஞ்சிருக்கு, 250 காருக்காக.

பென்ட்லி காரன் 9500 ஆர்பிஎம் கேக்குறதில்ல. அவருக்கு வேண்டியது ஆக்சிலரேட்டரை லேசா அழுத்தினா வண்டி அலுங்காம பாயணும், அவ்ளோதான். மின் மோட்டார் நின்ன இடத்துலேர்ந்தே முழு டார்க்கும் குடுக்கும், அந்த வேலைக்கு அதை அடிச்சுக்க பன்னெண்டு சிலிண்டராலயும் முடியாது. இதே கணக்குல பாத்தா, சிலருக்கு கோவம் வரலாம், வி12-ஐ கைவிட மத்த எல்லாரையும் விட ரெடியா இருக்க வேண்டியது ரோல்ஸ் ராய்ஸ்தான். சத்தமே வரக்கூடாதுன்னு நூறு வருஷத்துக்கு மேல பாடுபட்ட கம்பெனி அது, சார்லஸ் ரோல்ஸ் 1900-லயே மின்சார காரோட அமைதியை புகழ்ந்து பேசியிருக்கார். 2023-ல வந்த அவங்களோட ஸ்பெக்டர் முழு எலக்ட்ரிக், அதுல உக்காந்தா ரோல்ஸ் ராய்ஸ்க்கு வி12 எதுக்குன்னு தோணும்.

அதே சமயம் எதை வேணா வெட்டிட்டு எண்ணிக்கையை மட்டும் காட்டினா போதும்னும் நான் சொல்லல. மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63 கதை இருக்கே. மொதல்ல 6.2 லிட்டர் வி8, அப்புறம் 4 லிட்டர் வி8 டர்போ, அதுல பெரியது 510 பிஎஸ், அதுக்கு அப்புறம் திடீர்னு 2 லிட்டர் நாலு சிலிண்டரும் மோட்டாரும் சேர்த்து 680 பிஎஸ். காகிதத்துல பிரமாதம். வண்டி எடை ரெண்டு டன்னை தாண்டிருச்சு, அந்த காரை உயிரா நெனச்சவங்க பலர் அதை திரும்பிக்கூட பாக்கல. வி8 உறுமலுக்காகத்தான் அந்த காரையே வாங்குனாங்க, அதையே எடுத்துட்டாங்க. பென்ட்லி தன்னோட உச்ச இன்ஜின்ல பன்னெண்டுலேர்ந்து எட்டுக்கு எறங்கி அங்கயே நின்னுருக்கு, நாலுக்கு போகல, அந்த இடத்துல நிக்க தெரிஞ்சதுதான் எனக்கு புடிச்சிருக்கு.

துபாய், கராஜ்ல வேல பாக்குற வாசகர்: அண்ணே, இங்க பழைய கான்டினென்டல் டபிள்யூ12 சல்லிசா வருது. ஊர்க்கார நண்பர் ஒருத்தர் வாங்கணும்னு துடிக்கிறார். வாங்க சொல்லலாமா?

பதில்: தம்பி, நீங்களே கராஜ்ல இருக்கீங்க, உங்களுக்கு தெரியாததா! நண்பர்கிட்ட நான் சொன்னதா சொல்லுங்க, வேணாம். இன்ஜின் நீளத்துல குட்டையா இருக்கே தவிர அந்த பானட்டுக்குள்ள விரல் நுழையற சந்து கிடையாது, டர்போ ரெண்டும் அடியில ஒட்டிக்கிட்டு இருக்கும், அந்த சூட்டுல வேக்குவம் ஹோஸ் எல்லாம் காஞ்சு பொரிஞ்சு வெடிக்கும், அதுவும் உங்க ஊர் வெயில்ல. ஒரு அற்பமான ஹோஸை மாத்த இன்ஜினையே கீழ எறக்க வேண்டி வரும், கார் வாங்குன காசுல பாதி ஒரே ரிப்பேர்ல போயிடும். சர்வீஸ் புக் மொதப் பக்கத்துலேர்ந்து ஒழுங்கா இருந்து, கார் விலைக்கு சமமா இன்னொரு தொகைய தனியா எடுத்து வெக்க முடிஞ்சா மட்டும் பாக்க சொல்லுங்க.

உங்க கடிதத்தை படிச்சப்பதான் ஒரு விஷயம் எனக்கு பளிச்சுனு பட்டுச்சு. இன்ஜினை வெச்சுக்கணுமா விடணுமான்னு எல்லாரும் புது காரை பத்தியே பேசுறோம். ஏற்கனவே ரோட்ல இருக்கிற ஒரு லட்சம் டபிள்யூ12 என்ன ஆகும்? கேஸ்கெட், சென்சார், டைமிங் செயின், கன்ட்ரோல் யூனிட் இதெல்லாம் இன்னும் முப்பது வருஷம் கிடைக்கும்னு கம்பெனி எழுத்துல குடுக்கணும், புது காரோட ஹைபிரிட் பேட்டரிக்கும் அதே மாதிரி. 1930-ல செஞ்ச 8 லிட்டர் இன்னிக்கும் ஓடுது, ஏன்னா ஒரு நல்ல லேத் இருந்தா அதோட பாகத்தை செஞ்சுக்கலாம். 2024 கார்ல இருக்கிற பேட்டரி மாட்யூலை எந்த லேத்துல கடையறது? டபிள்யூ12-ஐ நிறுத்தினதுக்காக பென்ட்லி மேல எனக்கு கோவம் இல்ல, இந்த உத்தரவாதத்தை சத்தமா சொல்லலன்னா கோவப்படுவேன்.

சேலம் வாசகர்: அப்போ மிச்சம் இருக்கிற வி8-ஐயும் தூக்கிட்டு முழுசா எலக்ட்ரிக் ஆயிட வேண்டியதுதானே?

பதில்: அவங்களே அப்படித்தான் சொன்னாங்க, 2030-க்குள்ள முழு எலக்ட்ரிக்னு 2020-ல அறிவிச்சாங்க, 2024 நவம்பர்ல அதை 2035-க்கு தள்ளி வெச்சுட்டாங்க. 2022-ல 15,174 கார் வித்த கம்பெனி 2024-ல சுமார் 10,600-க்கு வந்துருச்சு, இந்த நெலமையில வாடிக்கையாளரை அவசரப்படுத்த முடியாது. 2025 கடைசியில அறிவிச்ச சூப்பர்ஸ்போர்ட்ஸ்ல மோட்டார், பேட்டரி எல்லாத்தையும் கழட்டிட்டு வெறும் வி8, பின் சக்கர டிரைவ், 666 பிஎஸ், எடை 2 டன்னுக்கு கீழ, 500 கார் மட்டும். நான் மேல உறுத்துதுன்னு சொன்னேனே அந்த எடை, அது அவங்களுக்கும் உறுத்தியிருக்கு போல.

ஒரகடம் வாசகர்: நான் ஒரு கார் கம்பெனியில இன்ஜின் அசெம்பிளி லைன்ல வேல செய்யறேன், பதினோரு வருஷமா. நீங்க சரின்னு எழுதுறது சுலபம் சார். டபிள்யூ12 கட்டுன ஆளுங்க என்ன ஆனாங்க?

பதில்: இந்த கேள்விய நான் போன இதழ்லயே எழுதியிருக்கணும், விட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க. 2023 பிப்ரவரியில டபிள்யூ12-ஐ நிறுத்தப்போறோம்னு பென்ட்லி சொன்னப்பவே, அந்த லைன்ல கையால இன்ஜின் கோர்த்துட்டு இருந்தவங்களுக்கு வேற பயிற்சி குடுத்து க்ரூ ஃபேக்டரிக்குள்ளயே வேற வேலைக்கு மாத்துறதா சேர்த்தே சொன்னாங்க. இன்ஜின் நிக்கிறதுக்கு ஒரு வருஷத்துக்கும் மேல முன்னாடி. ஒரு இன்ஜினை நிறுத்துறதுன்னா இப்படி முன்கூட்டி சொல்லி நிறுத்தணும், நாளைக்கு காலையில கேட்ல நோட்டீஸ் ஒட்டி இல்ல.

உங்க விஷயத்துக்கு வருவோம். பதினோரு வருஷம் டார்க் ரென்ச் புடிச்ச கை, ஒரு போல்ட் சரியா உக்காந்துச்சா இல்லையான்னு சத்தத்துலயே சொல்லும், அது வீணாப் போகாது. ஹைபிரிட் லைனுக்கு கூட வேண்டியது ஹை வோல்டேஜ் பாதுகாப்பு பயிற்சி, பேட்டரி பேக் அசெம்பிளி, மோட்டார் அலைன்மென்ட். உங்க கம்பெனியில இந்த பயிற்சி நடக்குதான்னு யூனியன் மூலமா எழுத்துல கேளுங்க, தனி ஆளா கேக்காதீங்க, லைன்ல இருக்கிற எல்லார் பேரையும் சேர்த்து கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கும் ஒரு வரி போடுங்க, உங்க பேர் போடாம இந்த பக்கத்துலயே வெளியிடுறேன்.